நாற்பதாவது நிமிடத்தில் நிற்கும் என்ஜின்: ஒரு ஈசியூ பட்டறை அனுபவம்

என் முதல் மின்னஞ்சலுக்கு வந்த பதிலின் முதல் வரியே "பெட்டியை இப்போதைக்கு அனுப்ப வேண்டாம்" என்றுதான் இருந்தது. ஈசியூவை, அதாவது என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டியை, காசு வாங்கிப் பழுது பார்க்கிற இடத்திலிருந்து இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எரிச்சலாகக்கூட இருந்தது. அடுத்த ஆறேழு வாரங்களில் அந்த எரிச்சல் போய் மரியாதை வந்தது, நடுவில் திரும்பவும் எரிச்சல் வந்தது. இரண்டையும் எழுதுகிறேன். பட்டறையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இரண்டே பேர் நடத்தும் இடம், ஏற்கெனவே வரிசை நீளம், தவிர நான் சொல்லப் போகும் குறைகளும் உண்டு. இந்த மாதிரி வேலைக்கு ஆள் தேடுகிறவர்களுக்குப் பெயரைவிட, எதைப் பார்த்து ஒரு பட்டறையை நம்பலாம் என்பதுதான் உதவும் என்று நினைக்கிறேன்.

நான் ஒரு மோட்டார் யாட்டில், அதாவது உல்லாசப் படகில், என்ஜினியர். படகு என்னுடையது இல்லை, அதன் தலைவலிகள் மட்டும் என்னுடையவை. 1996-ல் செய்த இரண்டு டீசல் என்ஜின்கள், 24 வோல்ட் சிஸ்டம், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஈசியூ. டீசல் என்ஜினில் எலக்ட்ரானிக்ஸ் நுழைந்து கொஞ்ச காலமே ஆகியிருந்த தலைமுறை அது. மின்னணுக் கட்டுப்பாடு ஸ்டாண்டர்டாகவே வந்த டெட்ராய்ட் சீரீஸ் 60 லாரி என்ஜின் 1987-ல் வெளியானது. அதற்குப் பின்னால் கேட்டர்பில்லர், கம்மின்ஸ், வோல்வோ பென்டா என்று எல்லோரும் வரிசையாக அந்தப் பாதையில் வந்தார்கள். அந்த என்ஜின்களில் பலவற்றின் இரும்பு இன்னும் கல் மாதிரி இருக்கிறது. கிராங்க், லைனர், பிஸ்டன் எதற்கும் குறையில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் உத்தரவு போடும் அந்த அலுமினியப் பெட்டியைச் செய்வதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள்.

பழைய மெக்கானிக்கல் பம்ப் என்ஜின்கள் பெரும்பாலும் ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் பேட்டரியைக் கழற்றி வைத்தாலும் ஓடும். சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் யூனிட் இன்ஜெக்டர் வைத்த இந்த என்ஜினில் அந்தப் பேச்சே கிடையாது. ஒவ்வொரு இன்ஜெக்டரின் தலையிலும் ஒரு சோலினாய்டு, மின்சாரத்தில் வால்வை இயக்கும் காந்தம். எந்த நொடியில் திறக்கணும், எவ்வளவு நேரம் டீசல் விடணும் என்பதை ஈசியூதான் சொல்ல வேண்டும். அது ஒரு கணம் மயங்கினால் டீசல் நின்றுவிடும்.

எங்கள் ஸ்டார்போர்டு (வலப்பக்க) என்ஜின் அப்படித்தான் மயங்கியது. காலையில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆகும். நாற்பது, நாற்பத்தைந்து நிமிடம் ஒழுங்காக ஓடும். அப்புறம் இருமல்கூட இல்லாமல், யாரோ சாவியைத் திருப்பியது போல நிற்கும். அரை மணி நேரம் ஹேட்சைத் திறந்து வைத்துக் காற்றாட விட்டால் மறுபடியும் ஒரே தட்டில் ஸ்டார்ட். ஈசியூவில் பதிவான கோளாறு கோட் படித்தால் ஒரு நாள் கிராங்க் சென்சார் என்கும், மறுநாள் ஆயில் பிரஷர் சென்சார் என்கும், இன்னொரு நாள் எதையும் சொல்லாது. கோட் சொன்ன சென்சாரை எல்லாம் மாற்றினோம். நன்றாக இருந்த மூன்று சென்சார்கள் இப்போது என் டிராயரில் ஸ்பேராகக் கிடக்கின்றன.

என்ஜின் கம்பெனியின் டீலரிடம் கேட்டால், அந்தப் பார்ட் நம்பரை ஸ்கிரீனில் தட்டிப் பார்த்துவிட்டு, என்ஜினையே மாற்றிவிடுங்கள் என்றார். அதைச் சொல்வதற்கு அவருக்கு அரை நிமிடம் ஆனது. யாட்டில் என்ஜின் மாற்றுவது என்றால் சலூன் எனும் நடுக்கூடத்தின் தரையைப் பிரிக்கணும், டெக்கை வெட்ட வேண்டி வரலாம், கியர்பாக்ஸ், எக்ஸாஸ்ட், மவுண்ட், கேபிள் என்று கை வைத்த இடமெல்லாம் புதிதாகப் போடணும். இரட்டை என்ஜின் படகில் ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இரண்டும் ஒத்துப் போகாது, ஆக இரண்டையும் மாற்ற வேண்டும். உள்ளங்கையை விரித்து வைத்தால் இரண்டு மடங்கு வரும் ஒரு பெட்டிக்காக.

சரி, பழைய பெட்டி ஒன்று கிடைக்குமா என்று தேடினேன். கிடைத்தது. பார்ட் நம்பரில் கடைசி இரண்டு இலக்கம் மட்டும் வேறு. வாங்கியும் விட்டேன். நல்ல வேளையாக, மாட்டுவதற்கு முன் விசாரித்தேன். அது அதே என்ஜினின் லாரி வடிவத்திலிருந்து கழற்றியது. அலுமினியப் பெட்டி, கனெக்டர், உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு எல்லாம் ஒன்றுதான், புரோகிராம் வேறு. லாரியில் ஆயில் பிரஷர் குறைந்தால் என்ஜினைக் காப்பாற்ற அதுவே நிறுத்திவிடும்படி செட் செய்வது உண்டு, ஓரம் கட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கில். கடலில் ஓரம் ஏது? பாறைக்கு முன்னால் என்ஜின் நின்றால் படகே போய்விடும். அதனால் மரைன் புரோகிராம் பொதுவாக அலாரம் அடிக்கும், பவரைக் குறைக்கும், நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவை மனிதனிடம் விட்டுவிடும். அந்த லாரிப் பெட்டியை நான் மாட்டியிருந்தால் ஒரு கோளாறுக்குப் பதில் இரண்டாகியிருக்கும்.

நான் செய்த ஒரே உருப்படியான காரியம், போர்ட் (இடப்பக்க) பெட்டியையும் ஸ்டார்போர்டு பெட்டியையும் இடம் மாற்றிப் பார்த்தது. பார்ட் நம்பரும் புரோகிராம் நம்பரும் இரண்டிலும் ஒன்றுதானா என்று உறுதி செய்துகொண்டு, ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் உரிய கோட் எண்களைக் குறித்து வைத்துக்கொண்டு, துறைமுகத்துக்குள்ளேயே கட்டிய நிலையில் ஓடவிட்டேன். நாற்பத்திரண்டாவது நிமிடம் போர்ட் என்ஜின் நின்றது. கோளாறு பெட்டியோடு கூடவே போயிற்று. இதை மின்னஞ்சலில் எழுதியதும் பட்டறைக்காரரின் தொனி மாறியதைக் கவனித்தேன். அதுவரை "வாடிக்கையாளர் அவர்களுக்கு" என்றிருந்தது, அதன் பிறகு, கப்பல் என்ஜினியரை அழைப்பது போல, "சீஃப்" ஆனது.

இருந்தாலும் பெட்டியை அனுப்ப விடவில்லை. இரண்டு பக்கப் படிவம் ஒன்று வந்தது. ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரியில் எத்தனை வோல்ட், அதே நேரத்தில் ஈசியூ கனெக்டரின் பின்னில் எத்தனை வோல்ட்? எர்த் பின்னுக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் எவ்வளவு? கடந்த ஒரு வருடத்தில் படகில் யாராவது வெல்டிங் செய்தார்களா, அப்போது ஈசியூ கனெக்டர் கழற்றியிருந்ததா? ஏழாவது கேள்வி: என்ஜின் ஓடும்போது யாராவது பேட்டரி சுவிட்சைத் திருப்பினார்களா? அதற்கு "இல்லை" என்று டிக் அடித்தேன். யாரையும் கேட்கவில்லை. எனக்கே தெரியும் என்ற நினைப்பு.

எர்த் அளவுதான் முதல் அதிர்ச்சி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது 0.9 வோல்ட் வீழ்ச்சி. நல்ல எர்த்தில் ஒரு வோல்ட்டில் பத்தில் ஒரு பங்கு, மிஞ்சிப் போனால் இரண்டு பங்கு இருக்கலாம். பிளாக்கில் எர்த் கேபிள் மாட்டியிருந்த போல்ட்டைக் கழற்றினால், வாஷருக்கு அடியில் பச்சைப் பாசி மாதிரி தாமிர உப்பு. வெளியிலிருந்து பார்த்தால் பெயின்ட் அடித்து அழகாக இருந்தது, அந்தப் பெயின்டை அடித்ததே நான்தான். சுரண்டி, புது லக் போட்டு இறுக்கிய பிறகு 0.1. என்ஜின் ஸ்டார்ட் ஆகும் வேகமே மாறியது. நாற்பது நிமிடக் கோளாறு மட்டும் அப்படியே இருந்தது. அதன் பிறகுதான் "இப்போது அனுப்புங்கள்" என்றார்கள். எர்த் சரியில்லாத படகுக்குப் பெட்டியைச் சரி செய்து கொடுத்தால் அது மூன்று மாதத்தில் திரும்பி வரும், அப்புறம் எங்கள் வேலை சரியில்லை என்பீர்கள் என்று வெளிப்படையாகவே எழுதியிருந்தார்.

எப்படிப் பொட்டலம் கட்டணும் என்பதற்கும் ஒரு பக்கம் குறிப்பு இருந்தது. சாதாரணக் குமிழ் பிளாஸ்டிக்கை நேராகச் சுற்றக் கூடாது, ஸ்டாட்டிக் தடுக்கும் பையில் போட்ட பிறகுதான் சுற்றணும். கனெக்டர் வாயை டேப்பால் ஒட்டக் கூடாது, பசை பின்னில் இறங்கும். முடிந்தால் நல்லதாக இருக்கும் போர்ட் பெட்டியையும் சேர்த்து அனுப்பினால், அதன் மெமரியைப் படித்து நகல் எடுத்துத் தருகிறோம் என்றும் கேட்டிருந்தார்கள். இரண்டு பெட்டியும் ஒரே பார்சலில் போய்த் தொலைந்தால் படகு வெறும் மிதவைதான். முடியாது என்று சொல்லிவிட்டேன். அவர்களும் வற்புறுத்தவில்லை.

வேலை முடிந்ததும் படங்களோடு ஒரு அறிக்கை வந்தது. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

பெட்டியின் மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட் பிளாஸ்டிக் போலக் காய்ந்து, ஒரு மூலையில் விரிசல் விட்டிருந்தது. என்ஜின் ரூமில் பெட்டி சூடாகும்போது உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும், ஆறும்போது வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். கடலில் இழுக்கிற காற்றோடு உப்பும் வரும். ஒரு தடவைக்கு ஒன்றும் ஆகாது. இருபத்தைந்து வருடத்துக்கு மேல் தினமும் மூச்சு விட்டால் ஆகும். ஆனாலும் எங்கள் போர்டின் மேல் இருந்த பாதுகாப்பு வார்னிஷ் பெரும்பாலும் தாங்கியிருந்தது, அந்த மூலையில் மட்டும் வெளுத்து உரிந்திருந்தது.

பெரிய கனெக்டரின் பின்கள் போர்டில் இறங்கும் இடத்தை மைக்ராஸ்கோப்பில் எடுத்த படம் ஒன்று. பவர் வரும் பின்னைச் சுற்றி, அதைப் பற்றவைத்த சால்டரில் ஒரு மெல்லிய வட்டக் கோடு, நகத்தால் கீறியது மாதிரி. வெறும் கண்ணுக்குத் தெரியாது. குளிர்ந்திருக்கும்போது இரண்டு பக்கமும் தொட்டுக்கொண்டிருக்கும். பெட்டி சூடாகி போர்டும் அலுமினியமும் வெவ்வேறு அளவில் விரியும்போது, என்ஜினின் அதிர்வும் சேர்ந்து, நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம் விட்டு விட்டுத் தொடும். எங்கள் நாற்பது நிமிடம் என்பது அந்தப் பெட்டி ஊறிச் சூடாக எடுத்துக்கொள்ளும் நேரம்.

ஆனால் விரிசல் மட்டும் இருந்திருந்தால் என்ஜின் நின்றிருக்காது என்கிறது அறிக்கை. பவர் லைனில் இருக்கும் கண்டென்சர்கள் சின்னத் தண்ணீர்த் தொட்டி மாதிரி. குழாயில் ஒரு கணம் தண்ணீர் நின்றாலும் தொட்டியில் இருப்பது ஓடிக்கொண்டிருக்கும். எங்கள் தொட்டிகள் வற்றிப் போயிருந்தன. 220 மைக்ரோஃபாரட் என்று மேலே எழுதியிருந்த ஒன்றில் 40 கூட இல்லை. அலுமினிய எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் இருப்பது எலக்ட்ரோலைட் என்ற திரவம், அது காலப்போக்கில் உலரும். வெப்பம் 10 டிகிரி குறைந்தால் ஆயுள் இரண்டு மடங்கு என்பது அந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று குறித்த கண்டென்சர் 75 டிகிரியில் 16,000 மணி நேரம் தாங்க வேண்டும். எங்கள் என்ஜின் ஓடியது 6,200 மணி நேரம்தான். ஆனால் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு எத்தனை வருடம் தாங்கும் என்பது அந்தக் கணக்கில் வராது. படகு சும்மா நின்றாலும் ரப்பர் சும்மா நிற்பதில்லை.

அறிக்கையில் என்னைச் சிரிக்க வைத்த வரி ஒன்று உண்டு. "மூன்றாவது கண்டென்சரின் காலில் சால்டரிங் அயர்ன் வைத்ததும் மீன் வாடை வந்தது, படகிலிருந்து வந்தது என்று நினைக்க வேண்டாம்." கசிந்த எலக்ட்ரோலைட்டைச் சூடாக்கினால் அப்படித்தான் நாறுமாம். வாடை வந்தால் பக்கத்தில் இருக்கும் செப்புத் தடங்களையும் அது அரித்திருக்கும் என்று அர்த்தம். இரண்டு தடங்கள் கறுத்திருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து, மெல்லிய ஒயர் வைத்துப் பாலம் கட்டியிருந்தார்கள். ஐந்தில் மூன்றுதான் பழுது, ஆனாலும் ஐந்தையும் மாற்றியிருந்தார்கள். சால்டரும் பழைய ஈயக் கலவையே, 183 டிகிரியில் உருகுவது. பழைய போர்டில் ஈயமில்லாத புதுச் சால்டரைக் கலந்தால் அது உருக இன்னும் 30, 35 டிகிரி கூட வேண்டும், அந்தக் கூடுதல் சூட்டில் பழைய தடம் உரிந்து வரும் ஆபத்து உண்டு என்று ஒரு குறிப்பு.

அடுத்து மெமரி. புரோகிராம் இருந்தது 27சி512 என்ற சிப்பில், மொத்தமே 64 கிலோபைட். இப்போது கைபேசியில் எடுக்கும் ஒரு படத்தில் அந்த மாதிரி எத்தனையோ அடங்கும். மேலே ஒரு சின்னக் கண்ணாடி ஜன்னல், அதன் மேல் ஸ்டிக்கர். புற ஊதா ஒளியைக் காட்டி அழித்து மறுபடி எழுதுகிற வகை அது. அதனால்தான் அந்த ஸ்டிக்கரை உரிக்கக் கூடாது. நேர் வெயிலில் வைத்தால் ஏறத்தாழ ஒரு வாரத்தில் அழிந்துவிடும், டியூப்லைட் வெளிச்சத்திலேயே மூன்று வருடத்தில் அழியலாம் என்று சிப்பின் தகவல் தாள்களிலேயே போட்டிருக்கும். எங்கள் ஸ்டிக்கரின் ஒரு ஓரம் தூக்கிக்கொண்டிருந்தது. சிப்பை மூன்று வெவ்வேறு வோல்டேஜில் படித்து, மூன்று நகலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்திருந்தார்கள். ஒரு பிட் வலுவிழக்க ஆரம்பித்திருந்தால் வோல்டேஜை மாற்றும்போது அது காட்டிக் கொடுக்கும். ஒன்றாகவே இருந்தது. நகலை எனக்கும் அனுப்பினார்கள், அது என்னிடம் மூன்று இடத்தில் இருக்கிறது. ஓடிய மணி நேரமும் இன்ஜெக்டர் கோட் எண்களும் இருந்த தனிச் சிப்பை அவர்கள் தொடவே இல்லை.

சோதனையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராங்க் சென்சாரின் சிக்னலைப் போலியாகக் கொடுத்து, பெட்டி தான் என்ஜினில் இருப்பதாக நம்பும்படி செய்து, நிஜ இன்ஜெக்டர்களை ஒரு சட்டத்தில் மாட்டி, 70 டிகிரி அடுப்புக்குள் எட்டு மணி நேரம் ஓட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் போகும் கரன்ட்டின் வடிவம், மின் அலையைக் கோடாகக் காட்டும் ஸ்கோப்பில், வீடியோவாக வந்தது. ஏறும் கோட்டில் ஒரு சின்ன நெளிவு தெரியும், வால்வு உள்ளே போய் உட்காருகிற இடம். ஆறு கோடுகளிலும் ஒரே இடத்தில் நெளிவு இருந்தது. அந்த வீடியோவை நான் கேப்டனுக்கும் போட்டுக் காட்டினேன். "இதில் நான் என்ன பார்க்கணும்?" என்றார்.

இப்போது ஏழாவது கேள்விக்கு வருகிறேன். அறிக்கையின் கடைசிப் படம், பவர் உள்ளே வரும் இடத்தில் இருக்கும் பாதுகாப்பு டயோடு. முழுசாகச் செத்திருக்கவில்லை, ஆனால் அதற்கு அடியில் போர்டு பழுப்பேறியிருந்தது. கீழே ஒரே வரி: "இது பல தடவை அடி வாங்கியிருக்கிறது. சுவிட்சைப் பற்றி மறுபடி விசாரிக்கவும்."

விசாரித்தேன். எங்கள் டெக் பையனிடம் கேட்டால், மறைக்காமல் சொன்னான்.

"தினமும் திருப்புவேன் சீஃப். ஒன்றாம் பேட்டரி பேங்கிலிருந்து இரண்டுக்கு. நீங்கள்தான் இரண்டையும் மாற்றி மாற்றி உபயோகிக்கச் சொன்னீர்கள்."

"என்ஜின் ஓடும்போதா?"

"ஆமாம். நிறுத்தியிருக்கும்போது செய்யணும் என்று நீங்கள் சொல்லவில்லையே."

எங்கள் சுவிட்ச் பழைய சுழல் வகை. ஒன்று, இரண்டும் சேர்ந்து, இரண்டு என்று ஒரு பக்கமாகச் சுற்றினால் ஆபத்தில்லை. எதிர்ப்பக்கம் சுற்றினால் நடுவில் ஆஃப் வரும். அந்தக் கணத்தில், பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் கரன்ட்டை வாங்கிக்கொள்ள பேட்டரி இல்லை, வோல்டேஜ் குதிக்கும். 24 வோல்ட் லைனில் நூறைத் தாண்டியும் போகலாம். கால் நொடிதான், ஆனால் அந்த அடியைத் தினமும் வாங்கியது அந்த டயோடு. பையன் சுற்றியது எந்தப் பக்கம் என்று செய்து காட்டச் சொன்னேன். எதிர்ப்பக்கம்தான், அவன் இடது கைக்காரன்.

சரி, புகழ்ந்தது போதும். பெட்டி வந்தது, மாட்டினேன், என்ஜின் ஸ்டார்ட் ஆனது, நாற்பது நிமிடம் தாண்டியது, இரண்டு மணி நேரம் தாண்டியது. மேலே படகை ஓட்டும் இடமான பிரிட்ஜிலிருந்து கேப்டன் கூப்பிட்டார், என்ஜின் வேகத்தைக் காட்டும் ஸ்டார்போர்டு டேக்கோமீட்டர் முள் சுழியில் நிற்கிறது என்று. என் ஒயரிங்கை ஒரு நாள் முழுவதும் தேடினேன். பிரச்சினை பெட்டியில். டேக்கோமீட்டருக்கு பல்ஸ் அனுப்பும் பின்னுக்குப் பின்னால் இருக்கும் சின்ன டிரான்சிஸ்டர் போயிருந்தது. அவர்களுடைய சோதனை மேஜையில் அந்தப் பின்னில் எதையும் மாட்டிப் பார்க்கவே இல்லை. எட்டு மணி நேரம் அடுப்பில் வேகவைத்தவர்கள், மீட்டரில் முள் அசைகிறதா என்று பார்க்கவில்லை. எழுதினேன், தவறு எங்களுடையது என்று ஒரே வரியில் ஒத்துக்கொண்டார்கள். போக வர அனுப்பும் செலவையும் ஏற்றார்கள். ஆனாலும் பெட்டியைத் திரும்பக் கழற்றி, பொட்டலம் கட்டி, ஒன்பது நாள் ஒற்றைக் காலில் நின்றது நாங்கள்தானே.

மூன்று வாரம் என்றவர்கள் முதல் முறையே ஆறு வாரம் எடுத்துக்கொண்டார்கள். ஏதோ ஒரு பாகத்துக்காகக் காத்திருந்தார்கள் என்பது கடைசியில்தான் தெரிந்தது, நடுவில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொலைபேசியை எடுப்பதே கிடையாது. மின்னஞ்சலுக்குப் பதில் இரவு பதினொரு மணிக்கு மேல் வரும், அதுவும் பாதி சுருக்கெழுத்தில். மூடியை ஒட்டப் பயன்படுத்திய சீலன்ட்டைப் பார்த்தால், அடுத்து இந்தப் பெட்டியைத் திறக்கப் போகிறவன் என்னைத் திட்டுவான் என்று தோன்றுகிறது. புது கேஸ்கெட் வெட்டிப் போட்டிருக்கலாம் என்று எழுதினேன். தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்பதுதான் முக்கியம், அடுத்து திறக்கப் போவதும் நாங்கள்தான் என்று பதில் வந்தது. பதில் சரியாக இருக்கலாம். எனக்குப் பிடிக்கவில்லை.

முடியாது என்று அவர்கள் சொன்ன இரண்டு விஷயங்களையும் சொல்லணும். படகின் சொந்தக்காரர், பெட்டி அங்கே போகிறதே, அப்படியே ஆர்பிஎம் எல்லையைக் கொஞ்சம் ஏற்றித் தரச் சொல்லேன் என்றார். கேட்டேன். இருபது வருடத்துக்கு மேல் ஆன டர்போவும் கூலரும் தாங்குமா என்று சோதித்துப் பார்க்காமல் அந்த எண்ணில் கை வைக்க மாட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். நான் அதை அப்படியே சொந்தக்காரருக்கு அனுப்பிவிட்டேன், எனக்கு வேலை மிச்சம். இன்னொன்று, கடல் தண்ணீரில் ஒரு இரவு மூழ்கிக் கிடந்த எங்கள் ஜெனரேட்டரின் கன்ட்ரோலர். அதன் படத்தைப் பார்த்தே வேண்டாம் என்றார்கள். பல அடுக்கு போர்டில் அடுக்குகளை இணைக்கும் ஓட்டைகளுக்குள் உப்பு இறங்கிவிட்டால், இன்று ஓடினாலும் எப்போது நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பார்ப்பதற்கென்று ஒரு கட்டணம் வாங்கியிருக்கலாம், வாங்கவில்லை.

யாருக்கு இது சரிவரும்? படகை மூன்று மாதமாவது நிறுத்தி வைக்க முடிகிறவர்களுக்கு. மல்டிமீட்டரை எங்கே வைக்கணும் என்று தெரிந்த ஒரு ஆள் படகில் இருப்பவர்களுக்கு. அந்த இரண்டு பக்கப் படிவத்தை நிரப்பச் சோம்பல் படுகிறவர்கள் அங்கே அனுப்ப வேண்டாம், திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாளை மறுநாள் விருந்தாளிகள் வருகிறார்கள், அதற்குள் என்ஜின் ஓடணும் என்கிற நிலையில் இருப்பவர்களுக்கும் உதவாது. அவர்களுக்கு என்னிடம் ஒரு லாரிப் பெட்டி இருக்கிறது, மாட்டிக்கொள்ளும் தைரியம் இருந்தால்.

மாற்றிய பாகங்களை எல்லாம் ஒரு சின்னப் பையில் போட்டு, எது எங்கிருந்து எடுத்தது என்று எழுதி அனுப்பியிருந்தார்கள். கேட்காமலே. ஐந்து கண்டென்சர், ஒரு டயோடு, இரண்டாம் முறை அந்த டிரான்சிஸ்டர். என் மீட்டரில் நானே அளந்து பார்த்தேன், அறிக்கையில் இருந்த எண்கள் சரிதான்.

ஸ்டார்போர்டு என்ஜின் அதன் பிறகு 310 மணி நேரம் ஓடிவிட்டது. பேட்டரி சுவிட்சின் ஆஃப் பக்கம் திரும்பாதபடி ஒரு தகடு வைத்து ஸ்குரூ போட்டிருக்கிறேன். போர்ட் பெட்டியும் அதே வயது, அதே கண்டென்சர், அதே அடி. அதனால் சீசன் முடிந்ததும், இன்னும் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, அதையும் அனுப்பிவிட்டேன். படிவத்தை நிரப்பும் முன் கேப்டன் முதல் சமையல்காரர் வரை எல்லோரையும் நிற்க வைத்துக் கேட்டேன். ஏழாவது கேள்விக்கு "ஆம், தினமும்". டேக்கோமீட்டர் பின்னையும் சோதிக்கவும் என்று அடியில் சிவப்பில் எழுதினேன். மூன்று வாரம் ஆகும் என்று பதில் வந்திருக்கிறது. காலண்டரில் ஏழாவது வாரத்தைச் சுழித்து வைத்திருக்கிறேன்.